ஏக்கருக்கு 2 டன் சுண்ணாம்பு: வேரைப் பார்க்காமல் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில் அண்மையில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட உழவர்களுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பயிர் வெளுத்து வளராமல் நின்றால் மண் புளித்துவிட்டது, ஏக்கருக்கு 2 டன் சுண்ணாம்பு போடுங்கள் என்பது அதன் சாரம். மண் பரிசோதனையும் வயல் ஆலோசனையும் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. மண் புளிக்கும் இடங்கள் நம் பக்கத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த யோசனையை அப்படியே கடைப்பிடித்தால் சீராகும் நிலத்தைவிடக் கெடும் நிலமே அதிகமாக இருக்கும்.

முதலில் எந்த நிலம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலை, ஏலகிரிச் சரிவுகளில் செம்மண்ணில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மழைநீர் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டு போகிறது. அவை விட்டுப்போன இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. அடிவாரத்தில் உள்ள மணல் கலந்த செம்மண் கொல்லைகளும் யூரியா போடப் போட மெல்லப் புளிப்பேறக்கூடியவை. பாலாற்றங்கரைக் கழனிகளோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அங்கே மண் நடுநிலை அல்லது காரம், பல இடங்களில் களரும் உவரும் (காரமும் உப்பும் மிகுந்த நிலங்கள்). இலை வெளுப்பு இரண்டு பக்கமும் வரும். புளித்த கொல்லையில் வேர் கருகியதால் வெளுக்கும், காரக் கழனியில் இரும்பும் துத்தநாகமும் கிடைக்காமல் வெளுக்கும். அந்தக் கழனியில் சுண்ணாம்பைக் கொட்டினால் கொஞ்சநஞ்சம் கிடைத்துக்கொண்டிருந்த இரும்பும் துத்தநாகமும் கட்டிப்போய்விடும்.

புளித்த மண்ணில் பயிரைக் கெடுக்கும் முதல் குற்றவாளி அலுமினியம். எந்தச் செம்மண்ணிலும் அது ஏராளம். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். எண் (7 நடுநிலை, அதிலிருந்து குறையக் குறையப் புளிப்பு) 6-க்கு மேல் இருக்கும்வரை களிமண் துகளோடு துகளாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும், 5-க்குக் கீழே வேகம் பிடிக்கும். பி.எச். ஒரு எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது. கரைந்த அலுமினியமோ கணக்குப்படி 1000 மடங்கு வரை கூடலாம். அதனால்தான் பி.எச். 5.6 என்று வந்த மண்வள அட்டையையும் 4.8 என்று வந்த அட்டையையும் 'அமிலத்தன்மை' என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்புவது சரியில்லை என்கிறோம்.

அலுமினியம் முதலில் தாக்குவது வேர் நுனியின் கடைசி 2, 3 மில்லிமீட்டரைத்தான். செல் சுவரில் கால்சியம் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். சுவர் விறைத்துப்போய் செல் நீள முடியாது. சில மணி நேரத்திலேயே வேர் வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் மேலே இலையில் தெரிய வாரக்கணக்கு ஆகும். தெரியும்போதும் அலுமினியம் என்று எழுதி ஒட்டியிருக்காது. வெளுப்பாகவும் வரலாம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு போல இலை கரும்பச்சையாகிக் காம்பில் ஊதா ஓடவும் செய்யலாம். நாலு நாள் மழை தவறினால் அந்த வயல்தான் முதலில் வாடும். ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருந்தும் அதை எட்டிப் பிடிக்க வேர் இருக்காது.

எனவே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் வேரைப் பாருங்கள். செடியைப் பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் பார்க்க வேண்டிய நுனிகளெல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி மண்ணோடு பெயர்த்து, ஒரு பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மெதுவாக அலச வேண்டும். நல்ல வேர் வெண்மையாக, நுனி கூர்மையாக, பக்கவேர் நிறைந்து, நூலாம்படை போல மயிர்வேர் படர்ந்து இருக்கும். அலுமினியம் பட்ட வேர் குட்டையாகத் தடித்து, நுனி பழுப்பேறி, பக்கவேர் கிளம்பும் இடத்திலேயே முண்டுமுண்டாக நின்றுபோயிருக்கும். தொட்டால் சட்டென்று ஒடியும். பயறு வகையில் வேர்முடிச்சையும் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. புளித்த மண்ணில் மாலிப்டினம் கிடைக்காமல் போவதும் அதற்கு ஒரு காரணம்.

புளித்த மண்ணில் மிஞ்சிவரும் மாங்கனீசின் தொல்லை இதிலிருந்து வேறு. அது வேரோடு நிற்காமல் இலைக்கு ஏறும். முதிர்ந்த இலைகளில் பழுப்புப் புள்ளி, இளம் இலைகளில் சுருக்கம் என்று மேலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

செடி இதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதில்லை. கோதுமையில் சில ரகங்கள் வேர் நுனியிலிருந்து மாலிக் அமிலத்தைக் கசியவிடும். அலுமினியம் வந்து தட்டினால்தான் அந்தக் கதவே திறக்கும். கசிந்த அமிலம் அலுமினியத்தை வெளியிலேயே கட்டிப்போட்டுவிடும், கட்டுண்டது வேரைத் தாக்காது. அந்தக் கதவுக்குரிய மரபணு 2004-ல் தெரியவந்தது. நம் சோளம் இதே வேலையைச் சிட்ரிக் அமிலத்தால் செய்கிறது, அதன் மரபணு 2007-ல் கண்டறியப்பட்டது. தேயிலைச் செடி வேறு வழி: அலுமினியத்தை உள்ளே வாங்கி முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைத்துக்கொள்ளும். தானியப் பயிர்களில் நெல்தான் அலுமினியத்தை மிக அதிகமாகத் தாங்கும். செல் சுவரில் சேரவிடாமல் உள்ளே இழுத்து, செல்லின் சேமிப்புப் பைக்குள் பூட்டிவைப்பது அதன் வழிகளில் ஒன்று.

மணிச்சத்து விஷயத்தில் நம் மாவட்டத்துப் பயிர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. செம்மண்ணில் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்போடு கட்டுண்ட அந்த மணிச்சத்தைத் துவரை வேரிலிருந்து கசியும் பிசிடிக் அமிலம் விடுவிக்கிறது. ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வில் 1990-ல் வெளிவந்த உண்மை இது. மணிலா (நிலக்கடலை) வேரின் செல் சுவருக்கே இரும்பிடமிருந்து மணிச்சத்தைப் பறிக்கும் திறன் உண்டு என்று அதற்குப் பிறகு தெரியவந்தது. ஆறு சால் மணிலாவுக்கு ஒரு சால் துவரை என்று நம் பக்கம் விதைத்துவருவது மண்ணுக்கு எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள். களை எடுக்க இடைஞ்சல் என்று துவரைச் சாலை விட்டுவிடுகிறவர்கள் கூடிவருகிறார்கள். எங்களுக்கு அதில் மிகுந்த வருத்தம்.

ஆனால் இந்த வேலை எதுவும் செடிக்கு இலவசம் இல்லை. கசியும் ஒவ்வொரு சொட்டு அமிலமும் இலை சமைத்த உணவு. முளைத்து பத்து நாளான நோஞ்சான் நாற்றால் அவ்வளவு செலவு செய்ய முடியாது. அந்த நேரத்தில் நாம் கைகொடுத்தால் போதும், பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். கைகொடுப்பது என்றால் என்ன? நன்றாக மக்கிய தொழு உரம் ஏக்கருக்கு 5 டன். அது கரைந்த அலுமினியத்தைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். அவ்வளவு கிடைக்காதவர்கள் இருப்பதை வயல் முழுக்கத் தூவாமல் விதைச் சாலிலேயே போடலாம். விறகுச் சாம்பலும் புளிப்பை முறிக்கும், சாம்பல் சத்தும் தரும். உமிச் சாம்பலை அதற்கு நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் சிலிக்கா, நெல்லுக்கு வேறு விதத்தில் நல்லது, ஆனால் அமிலத்தை முறிக்காது.

இனி சுண்ணாம்பு. போடும் முன் மூன்று சோதனைகள். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்த மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறது, வாங்க வேண்டாம். நுரைக்கவில்லை என்பதாலேயே மண் புளிப்பு என்றும் ஆகிவிடாது.

அடுத்தது பி.எச். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் எல்லாம் தவிர்த்து, வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும். இதோடு நிறுத்தாமல் அதே குழிகளில் 15 முதல் 30 செ.மீ. வரை இன்னொரு மாதிரியைத் தனியாக எடுங்கள். மேல்மண் 6 என்று காட்டி அடிமண் 5-க்குக் கீழே இருக்கலாம். அப்படிப்பட்ட நிலத்தில் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், மேல்மண் அட்டை மட்டும் எல்லாம் சரி என்று சொல்லும். வீட்டில் பேனா மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றி, கலக்கி, அரைமணி கழித்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பார்த்தால் அந்த நீரின் காரம்தான் தெரியும். மீட்டரைப் பயன்படுத்துமுன் பி.எச். 4, 7 உள்ள இரண்டு கரைசல்களிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது, செலவும் இல்லாதது. சந்தேகப்படும் மண்ணை இரண்டு டப்பாக்களில் கிலோ கிலோவாக எடுங்கள். ஒன்றில் 1 கிராம் சுண்ணாம்புக்கல் தூளை நன்றாகக் கலந்து, இரண்டையும் ஈரமாக்கி இரண்டு நாள் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பத்து பச்சைப் பயறு ஊன்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் பயறு அலுமினியத்தைத் தாங்காத பயிர், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். ஏழாம் நாள் அலசி வேரை அளந்தால், சுண்ணாம்பு கலந்த டப்பாவில் வேர் தெளிவாக நீண்டிருந்தால் அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டும். இரண்டும் ஒரே நீளம் என்றால் நோய் வேறு. அடிமண்ணுக்கும் தனியாக ஒரு ஜோடி டப்பா வையுங்கள்.

அளவு எவ்வளவு? 100 கிராம் மண்ணில் 1 மில்லி ஈக்விவலண்ட் (ஆய்வக அறிக்கையில் வரும் அலகு) கரையும் அலுமினியம் இருந்தால் அதை 15 செ.மீ. ஆழத்துக்கு முறிக்க ஏக்கருக்குச் சுமார் 450 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் போதும். கலப்பு சரியாக இருக்காது என்பதால் ஒன்றரை மடங்கு போடுவது வழக்கம். தங்கள் வேளாண் பகுதியில் வந்த 2 டன் என்ற கணக்கு மணல் கலந்த செம்மண்ணுக்கு மிக அதிகம். ஹெக்டேருக்குச் சொன்னது ஏக்கர் என்று அச்சாகியிருக்கலாம் என்று நினைக்கிறோம். பணம் குறைவாக உள்ளவர்கள் விதைச் சாலில் ஏக்கருக்கு 120 முதல் 160 கிலோ போட்டு, ஒவ்வொரு பருவமும் தொடர்ந்தாலே நல்ல பலன் உண்டு. முளைவேர் இறங்கும் அந்த நாலு விரல் இடம் சீரானால் நாற்று தப்பித்துக்கொள்ளும்.

எந்தச் சுண்ணாம்பு என்பதும் முக்கியம். 100 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் வேலையை 74 கிலோ நீற்றிய சுண்ணாம்போ, 56 கிலோ சுட்ட சுண்ணாம்போ செய்துவிடும். மெக்னீசியமும் குறைவான மலை மண்ணுக்கு டாலமைட் தூள் நல்லது. தூள் மாவாக இருக்க வேண்டும், குருணையாக இருந்தால் வருடக்கணக்கில் கரையாது. ஈரம் இருக்கும்போது விதைப்புக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே போட்டு உழுதுவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்தால் மணிச்சத்து கட்டிக்கொள்ளும்.

ஜிப்சத்தையும் சுண்ணாம்பையும் ஒன்றென்று எண்ணிக் குழப்பிக்கொள்வது நம் பக்கம் சகஜம். ஜிப்சம் பி.எச்.-ஐ உயர்த்தாது. ஆனால் அது கரைந்து கால்சியத்தை அடிமண்வரை கொண்டுபோகும், அங்கே அலுமினியத்தின் நச்சையும் குறைக்கும். சுண்ணாம்பு அவ்வளவு சுலபமாகக் கீழே இறங்காது. அடிமண் புளித்த நிலத்துக்கு இதனால்தான் ஜிப்சம் வேண்டும்.

மணிலாவுக்கு ஜிப்சம் வேண்டியது வேறு காரணத்துக்கு. கால்சியம் வேரிலிருந்து நீரோட்டத்தோடு இலைக்குப் போகும், இலையிலிருந்து கீழே இறங்காது. மண்ணுக்குள் இருக்கும் காய் நீரை ஆவியாக்காததால் அதற்கு அந்த ஓட்டம் வந்து சேராது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே கால்சியத்தை உறிஞ்ச வேண்டும். எனவே 40 முதல் 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் தூரைச் சுற்றிப் போட்டு மண் அணைக்க வேண்டும். அடியுரமாகப் போட்டுவிட்டேன் என்பது இதற்கு ஈடாகாது. போடாவிட்டால் பொக்குக் காய்தான். பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள்: உள்ளே முளைக்குருத்து கறுத்திருந்தால் கால்சியம் போதவில்லை, பருப்பின் நடுவே குழி விழுந்து பழுப்பேறியிருந்தால் போரான் போதவில்லை. சுண்ணாம்பு அளவு மீறிய கொல்லையில் வருவது இந்த இரண்டாவது. ஏக்கருக்கு 2 டன் கேட்டுப் போட்டவர் அறுவடையில் பார்க்கப்போவதும் இதைத்தான். அப்போது ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ் என்று இன்னொரு செலவு வரும்.

உரத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் புளிப்பை முறிக்க 110 கிலோ சுண்ணாம்புக்கல் தேவை, 100 கிலோ யூரியாவுக்குச் சுமார் 80. ஒரு 45 கிலோ யூரியா மூட்டைக்கு 36 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிலாக் கொடியை மாட்டுக்கு ஏற்றிப்போகும்போது அதிலுள்ள கால்சியமும் நிலத்தைவிட்டுப் போகிறது. எருவாகத் திரும்பி வந்தால் சரி, விற்றுவிட்டால் நிலத்துக்கு நட்டம்.

நீர் தேக்கும் நெல் கழனி வேறு கணக்கு. தண்ணீர் நின்றால் சில வாரங்களில் புளித்த மண்ணின் பி.எச். தானே 6-ஐத் தாண்டி மேலேறும். அலுமினியம் அடங்கும், பிடிபட்ட மணிச்சத்தும் விடுபடும். அதற்குப் பதில் இரும்பு கரைந்து வரும். நெல் வேர் தன் காற்றுக்குழாய் வழியே ஆக்சிஜனை இறக்கி வேரைச் சுற்றி அந்த இரும்பைத் துருவாகப் படியவைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். வேர் செங்காவி நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், அது கவசம். இலை நுனியிலிருந்து வெண்கல நிறம் இறங்கினால்தான் கவசம் போதவில்லை என்று பொருள். தண்ணீரை வடித்து நாலு நாள் காய விடுங்கள்.

கடைசியாக, தோல் பதனிடும் வட்டாரம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே, இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது பதிவாகியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பயிர் வாடினால் முதலில் பார்க்க வேண்டியது ஈ.சி. எனப்படும் உப்பு அளவு. அது 1-க்குக் கீழ் என்றால் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் பயிருக்கு நேரடி ஆபத்து. அடுத்தது தோல் கழிவோடு வரும் குரோமியம். அது இரண்டு வடிவில் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் பி.எச். 5.5-க்கு மேல் மண்ணில் படிந்து அடங்கிக் கிடக்கும். களரைத் திருத்துகிறேன் என்று அமிலத்தையோ அளவுக்கு மீறி கந்தகத்தையோ போட்டு மண்ணை அதற்குக் கீழே இறக்கினால் அதை எழுப்பிவிட்டதாகும். குரோமேட் எனப்படும் ஆறிணைதிறன் வடிவமோ கார மண்ணில்தான் சுலபமாக நகரும். கந்தகச் சத்து நுழையும் வாசல் வழியாகவே வேருக்குள் நுழைந்துவிடும். சுண்ணாம்பு போட்டால் அதன் நடமாட்டம் கூடும். அங்கே செய்யத்தக்கது தொழு உரமும் பசுந்தாளும் நிறையச் சேர்ப்பது. மட்கு ஆறிணைதிறன் குரோமியத்தை மூன்றிணைதிறனாக மாற்றும். செடி தன்னிடம் வந்த குரோமியத்தில் பெரும்பகுதியை வேரிலேயே அடைத்துவைத்துக்கொள்ளும், மேலே மிகக் குறைவாகவே அனுப்பும். ஆகவே சந்தேகமான நிலத்தில் முள்ளங்கி, கீரை வகைகளைத் தவிர்ப்பது நல்லது. கீரையின் இலையே உணவு, அதில் ஒட்டிய மண்ணும் சேர்ந்து வயிற்றுக்குப் போகும்.

மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் அலுமினியமும் இல்லை, கால்சியமும் இல்லை. மணிச்சத்தை எந்த முறையில் பார்த்தார்கள் என்பதும் பல அட்டைகளில் தெரிவதில்லை. கார, நடுநிலை மண்ணுக்கு ஓல்சன் முறை, புளித்த மண்ணுக்குப் பிரே முறை. மாற்றிப் பார்த்தால் எண்ணை நம்ப முடியாது. ஜவ்வாது மலைக் கிராமங்களுக்காவது 15 முதல் 30 செ.மீ. மாதிரியும் அலுமினியம், கால்சியம் அளவுகளும் சேர்க்கப்பட வேண்டும் என்று வேளாண் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியே கோரிக்கை வைக்கிறோம்.

தங்களிடம் கேட்பது ஒரு திருத்தம். 2 டன் என்ற அளவு எந்த மண்ணுக்கு, எந்த பி.எச்.-க்கு, ஏக்கருக்கா ஹெக்டேருக்கா என்று அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். ஆடிப்பட்ட மணிலாவுக்குச் சுண்ணாம்பு போடுகிறவர்கள் ஆனி முதல் வாரத்திலேயே லாரிக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன், வைகாசி முடிவதற்குள், தங்கள் திருத்தம் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
மண் பரிசோதனை, வயல் ஆலோசனைப் பணியில் உள்ளோர்,
வேலூர்.